கூலிக்கு வளர்த்த புல்

ஷெபாய்கன் அருங்காட்சியகத்தின் பின்னறைக்கு
ஹில்டி பிரான்ஸ்மா என்னைக் கூப்பிட்டது
ஒரே ஒரு கேள்விக்காக:
"டாக்டர், இந்த மாடு தூங்குகிறதா?"

மேசைமேல் மல்லாந்து கிடந்தது ஹாலந்து.
முக்கால் பங்கு வானம்.
மிச்சத்தில் ஒரு வாய்க்கால், நான்கு மாடுகள்,
முக்காலியில் ஒரு பால்காரி.
முந்நூறு வருடத்து அழுக்கை
எச்சில் தொட்ட பஞ்சால் எடுத்தாளாம்.
ஆமாம், எச்சில்தான்.
அதற்கப்புறம் ஏதோ திராவகம்.
போன வாரம் பால்காரிக்குப் பக்கத்தில்
புல் கரைந்தது.
புல்லுக்கு அடியில் ஐந்தாவது மாடு.

எனக்குப் படம் பார்க்கத் தெரியாது.
மாடு பார்க்கத் தெரியும்.
செவலைக்குப் பின்னங்குளம்பு வளர்ந்திருக்கிறது.
வெள்ளைக்கு ஒரு காம்பு செத்த காம்பு.
வரைந்தவன் குனிந்து எண்ணியிருக்கிறான்.

ஐந்தாவது, பக்கவாட்டில் சரிந்து,
மேல்கால்கள் இரண்டும் தரை தொடாமல் விறைத்து,
வயிறு உப்பி,
வாலோரம் கழிச்சல் காய்ந்து.
தூங்குகிற மாடு காலை மடித்துக்கொள்ளும்.

"செத்து ஒரு நாள் ஆகியிருக்கும்.
வெக்கையாக இருக்கலாம்."
பூமியை விட்டே ஒழிந்த நோய்.
பரீட்சைக்குப் படித்ததோடு சரி,
பார்ப்பது இதுதான் முதல் தடவை.

வாங்கியவன் சொல்லியிருப்பான்,
சாப்பாட்டு அறையில் மாட்டுவது, பிணம் வேண்டாமென்று.
எவனோ ஒருவன்
கூலிக்குப் புல் வளர்த்திருக்கிறான்.

பால்காரி கழுத்தைத் திருப்பி
தூரத்துக் கோபுரத்தைப் பார்க்கிறாள் என்று
பட்டியலில் எழுதி வைத்திருந்தார்களாம்.
கோபுரத்தை யார் அப்படிப் பார்ப்பார்கள்?
கை மட்டும் நிற்கவில்லை.
மடி கனத்தால் கறந்தாக வேண்டும்,
பக்கத்தில் எது கிடந்தாலும்.

மறுபடி புல் போடுவதா வேண்டாமா என்று
வியாழக்கிழமை குழு கூடுகிறது.
என் கருத்தை ஹில்டி எழுதிக்கொண்டிருக்கும்போதே
போன். ஊஸ்ட்பர்க், லென்சிங்க் பண்ணை.
நேற்று கன்று போட்ட நாலாயிரத்துப் பதினேழு
விழுந்து கிடக்கிறாள், காது ஜில்லென்று.

உறைபனி ரோடு.
கழுத்து நரம்பில் கால்சியம், அவசரப்படாமல்,
இதயம் தடுமாறுகிறதா என்று கேட்டபடியே.
பாட்டில் பாதியில் ஒரு ஏப்பம்.
பிறகு பின்னங்கால், பிறகு முன்னங்கால்.
என் பூட்ஸ்மேல் சாணி போட்டுவிட்டுத்
தீவனத்துக்கு நடந்தாள்.

லென்சிங்கின் மகள் கறவை மிஷினோடு வந்தாள்.
"இன்றைக்கு முழுக்கக் கறக்காதே,
பாதி மடியிலேயே இருக்கட்டும்" என்றேன்.
சரியென்று தலையாட்டினாள்,
என்னைப் பார்க்காமல்.