கடைசி பெஞ்ச்

அறுபத்தொன்று ஆகஸ்டில்
எங்கள் சினட் வாக்களித்தது.
ஐக்கியம் முறிந்தது என்று
விஸ்கான்சின் வெயிலில் வியர்த்துக்கொண்டே
போதகர் வாசித்தார்,
பால் விலை வாசிக்கும் குரலில்.

சாலைக்கு அந்தப் பக்கம்
அண்ணன் கெர்ஹார்டின் கோயில்.
அதே பாமாலை, அதே ஞானோபதேசம்.
கோபுரத்துச் சேவல்கள் இரண்டையும்
ஒரே கொல்லன்தான் அடித்தான்;
காற்று திரும்பினால்
இரண்டும் திரும்பும்.

நவம்பரில் அவன் வீட்டில் விருந்து.
வான்கோழி ஆறிக்கொண்டிருந்தது.
யார் ஜெபிப்பது?
அண்ணி வில்ஹெல்மினா
கரண்டிகளை மறுபடி அடுக்கினாள்.
"அவரவர் மனசுக்குள்ளே" என்றான் அண்ணன்.

நான் சீக்கிரம் முடித்துவிட்டேன்.
கண் திறந்தால்
அவனும் முடித்துவிட்டு
என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.
உப்பைக் கேட்டேன்.
கொடுத்தான்.

பதிமூன்று வருஷம் கழித்து, பனியில்,
அவன் பெட்டியை உள்ளே கொண்டுபோனார்கள்.
கடைசி பெஞ்சில் நான்.
எல்லாரும் எழுந்து பாடினார்கள்,
நாங்கள் இருவரும் ஒரே புத்தகத்தைப் பிடித்து
மனப்பாடம் செய்த பாட்டு.
வாயை இறுக மூடிக்கொண்டேன்.
சபை ஒழுங்கு அப்படி.

நனைந்த பூட்ஸுக்குள்
கால் கட்டைவிரல் மட்டும்
நாலு சரணத்துக்கும்
தாளம் போட்டது.