அறுபத்துநாலில் நாற்பத்தெட்டு போனால்

அங்கப்ப நாயக்கன் தெரு, இரண்டாம் மாடி.
எங்கள் போர்ஷனுக்கும் ஜமீல் வீட்டுக்கும் நடுவில்
ஒற்றைச் செங்கல் சுவர்.
இந்தப் பக்கம் ஸ்பெக்ட்ரம்,
அந்தப் பக்கம் கமடோர்.
எண்பத்தாறில் அது எல்லைக்கோடு.

என்னுடையது துறைமுகத்திலிருந்து வந்தது.
டாலி கிளார்க் அப்பாவுக்கு
போலந்துக் கப்பலின் சமையற்காரன் விற்றது.
நானூறு ரூபாயும் இரண்டு கைலியும்.
அழிரப்பர் சாவிகள்.
"நுங்கு நோண்டுறியா?" என்பான் ஜமீல்.
கூட வந்த புத்தகம் போலிஷ் மொழியில்.
ஒரு வார்த்தை புரியாது.
நடுவே வரும் ஆங்கில வரிகளை மட்டும்
கீரையில் புல் பொறுக்குவதுபோல் பொறுக்கி
அப்படியே அடித்தேன்.
திரையில் ஒரு வட்டம் வந்தது.
அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவனுடையதை மாமு கொண்டுவந்தார், சிங்கப்பூரிலிருந்து,
கஸ்டம்ஸில் மிக்சி என்று சொல்லி.
பன் மாதிரி உப்பின உடம்பு,
தட்டினால் டைப்ரைட்டர் கணக்காய்ச் சத்தம்.
"உனக்கு நாப்பத்தெட்டு, எனக்கு அறுபத்துநாலு.
பதினாறு கைமாத்து வேணுமா சுகிர்தா?"
பால்கனிக் கம்பி வழியாகக் கேட்பான்.

ஒருநாள் அவன் திரையை எட்டிப் பார்த்தேன்.
ஸ்விட்ச் போட்டதும் அதுவே ஒப்புக்கொள்கிறது,
முப்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றுதான்
காலியாக இருக்கிறதென்று.
மாடிப்படி முழுக்க அந்த எண்ணைச் சொல்லிக்கொண்டே இறங்கினேன்.
மூன்று நாள் அவன் பேசவில்லை.

பிறகு என் சாவிகளைப் பிடித்துக்கொண்டான்.
ஒன்றை அமுக்கினால் முழுச் சொல்லே வந்து விழுமே,
"எழுத்துக்கூட்டத் தெரியாதவங்களுக்குச் செஞ்ச மெஷின்."

எங்கள் டயனோரா கறுப்பு வெள்ளை.
எட்டு நிறம் எட்டு நிறம் என்று சண்டை போட்டேனே தவிர
ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.
பெருநாள் மத்தியானம் அவர்கள் கலர் டிவியில் மாட்டினோம்.
என் மனிதன் சிவப்புச் சுவரைக் கடந்தான்,
அவனும் சிவப்பானான்.
பச்சை மரத்தடியில் பச்சை.
ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான் கொள்ளுமாம்.
ஜமீல் சிரிக்கப்போகிறான் என்று காத்திருந்தேன்.
"பச்சோந்தி," என்றான்.
கொஞ்சம் கழித்து,
"நல்லாத்தான் இருக்கு."

ஐப்பசி மழையில் கரண்ட் போய் வந்து போய் வந்தது.
கமடோரின் அடாப்டர் எரிந்த வாடை
சுவரைத் தாண்டி எங்கள் அடுப்படிக்கு வந்தது.
பர்மா பஜாரில் "அடுத்த கப்பல்" என்றார்கள்.
ஜெயித்துவிட்டேன்.
ஜெயித்தபின் என்ன செய்ய வேண்டுமென்று
அந்தப் போலிஷ் புத்தகத்தில் போட்டிருந்திருக்கலாம்.

நான்காம் நாள் சொன்னேன்,
என்னுடையதும் போச்சு, அதே மின்னல்.
"அப்படியா?" என்றான்.
துக்கம் விசாரிக்கிற முகமில்லை அது.
அன்றே கட்டம்போட்ட நோட்டில்
மூன்றாவதாக ஒரு மெஷின் வரையத் தொடங்கினோம்.
அவன் கேட்டது இருநூறு கே.
நுங்குச் சாவிக்கு ஒப்புக்கொண்டான்,
அதுவும் சும்மா அல்ல,
என் கோலிகளில் பாதி போயிற்று.

ராத்திரியில் மட்டும்
டேப் ரெக்கார்டரைத் தலையணைக்கடியில் அமுக்குவேன்.
சத்தம் குறைத்தால் ஏறாது.
தகரத்தில் ஆணி கீறுகிற அந்த ஐந்து நிமிடத்தை
மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்து
ஆடுவேன்.

தையில் அடாப்டர் வந்தது.
என்னுடையதும் அன்றே சரியாயிற்று.

போன மாதம் ரிச்சி தெருவில்
கிலோவுக்கு நிறுக்கிற பலகைகளுக்குள்
சாவி பாதி உரிந்த ஸ்பெக்ட்ரம் ஒன்று.
படமெடுத்து அபுதாபிக்கு அனுப்பினேன்.
பேரன் பிறந்த அன்றுகூட
ஒற்றை வரி அனுப்பியவன்
வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தான்.
சொல் இல்லை. வாயாலேயே அந்தச் சத்தம்:
முதலில் நீளமாக, ஒரு வெட்டு,
மறுபடி நீளம், பிறகு கொரகொரவென்று.
உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு செய்திருக்கிறான்,
தலையணைக்கும் சுவருக்கும் அந்தப் பக்கம்
கேட்கிற மாதிரியே.

முடித்து, இருமி, கேட்டான்:
"அஞ்சாவது ரூமைத் தாண்டினியா இல்லியா?
சொல்லவேயில்லையே நீ."