ஆறவிட்டுப் பார்த்தல்

வண்டியைச் சூடாகவே கொண்டுவந்து நிறுத்தினார் முனவ்வர்.
மேல்விஷாரத்திலிருந்து ஹைவேயில் ஒரே மிதி.
போனில் இரண்டு முறை சொல்லியிருந்தேன்,
ஆறின வண்டிதான் வேணும் பாய், என்று.

சிவப்பு. இரண்டே இருக்கை.
தொண்ணூற்றொன்றில் கப்பலில் வந்தது.
இமைபோல் திறக்கும் ஹெட்லைட்டில்
ஒன்றுதான் இப்போது விழிக்கிறது.
சத்துவாச்சாரி மே வெயிலில்
பானெட்டைத் தொட்ட பூங்காவனம்
விரலை உதறிக் காதைப் பிடித்துக்கொண்டான்.

"புகையே இல்ல, பாருங்க."
இல்லைதான்.
சூடான எஞ்சின்
விருந்தாளி முன்னால் வாயைத் துடைத்துக்கொள்ளும்.

வெள்ளை என்றால் தண்ணீர், கருப்பு என்றால் பெட்ரோல்,
நீலம் என்றால் எண்ணெய். ஊருக்கே தெரியும்.
எந்த நேரத்து நீலம் என்பதில்தான் என் பிழைப்பு.
மிதிக்க மிதிக்க வந்தால் ரிங்.
ராத்திரியெல்லாம் நின்றுவிட்டு
விடிகாலையில் ஒரு வாய் மட்டும் உமிழ்ந்தால்
வால்வு சீல்,
சுண்டு விரலுக்கும் பற்றாத ரப்பர்த் தொப்பி.

"எண்ணெய் குடிக்குதா?"
"சேச்சே. அளவு குறையவே இல்ல."
டிக்கியில் ஜாக்கி தேடிய பூங்காவனம்
ஒன்றும் பேசாமல்
காலி டப்பாக்களை எடுத்துத் தரையில் வைத்தான்.
ஏழு.
ஏழாவதில் மட்டும் கொஞ்சம் ஆடியது.

முனவ்வர் எதிரே மலையைப் பார்த்தார்.
ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் ஆள் வர்றான், என்றார் மலையிடம்.
"ஒங்களுக்குத்தான் மொதல்ல போன் பண்ணுவான்."

விட்டுவிட்டுப் போகச் சொன்னேன்.

இரவு பதினொன்றுக்கும் பாறைகள் சூட்டை விடவில்லை.
ஷெட்டுக்குள் எஞ்சின்
டிக், டிக் என்று சுருங்கிக்கொண்டிருந்தது.

ஐந்தே முக்கால். சைலென்சருக்குப் பின்னால்
வெள்ளைத் துணியோடு குந்தினான் பூங்காவனம்.
சாவி.
முதலில் ஒன்றுமில்லை. அப்புறம்
தெருவே நீலம். பால்காரர் இருமிக்கொண்டே திட்டினார்.
பன்னிரண்டு எண்ணினேன். நின்றுவிட்டது.
துணியில் அம்மைபோல் எண்ணெய்ப் பொட்டுகள்.

"சீலுதான்ணே," என்றான்.
அதுவாகவே இருக்கட்டும் என்றுதான் எனக்கும்.
ஹெட்டைக் கழற்றாமலே முடித்துவிடலாம்.

பிளக்குகளைப் பேப்பர்மேல் படுக்கவைத்தோம்.
ஒன்று, இரண்டு, நான்கு: பிஸ்கட் நிறம்.
மூன்று ஈரம், கன்று நக்கிப் போட்டதுபோல்.
கேஜில் நூற்றறுபது, நூற்றைம்பத்தெட்டு,
மூன்றில் நூற்றுப்பத்து.
ஒரு கரண்டி எண்ணெயை அதற்குள் விட்டுச் சுற்றினோம்.
முள் நூற்றைம்பதுக்கு ஏறியது.

எண்ணெய் விட்டால் மூச்சு கூடுகிறது என்றால்
ரிங் போய்விட்டது என்று அர்த்தம்.
தன் நோயைத் தானே மருந்தாய்க் குடித்து
இத்தனை நாள் ஓடியிருக்கிறது.
சீலும் போயிருக்கிறது. இரண்டும்தான்.
ஒரு புகைக்கு ஒரு காரணம்தான் என்று
எவன் சொன்னான்?

ரசீதில் எழுதினேன்: மூணாவது சிலிண்டர் ரிங்.
சீல் பதினாறு. எஞ்சின் இறக்கணும்.
தொகையை எழுதி, அடித்து, குறைத்து எழுதினேன்.
குறைத்தும் பெரிதாகவே இருந்தது.

சனிக்கிழமை போன் அடித்தபோது
எதிர் ஸ்டூலில் முனவ்வர். டீயில் ஆடை படிந்துவிட்டது.
"வண்டி ஹெங்கே சார், எப்டி இருக்கு?"
முனவ்வர் என் கண்ணைப் பார்க்கவில்லை,
வாயைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்குள்ள வாங்க,
அதுவரைக்கும் சாவியத் தொடமாட்டேன்."

அவர் எழுந்து போய்விடுவார் என்றிருந்தேன்.
ஏழாவது டப்பாவின் மிச்சத்தை ஊற்றி மூடிவிட்டு,
டிப் ஸ்டிக்கை உருவித் துடைத்து, உள்ளே விட்டு,
மறுபடி உருவி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.