குழாயின் நுனி

வெள்ளிக்கிழமையே கழற்றியிருக்க வேண்டியது.
டாக்டர் ஈப்போவுக்குப் போய்விட்டார்,
எழுதி வைக்கவில்லை.

சனிக்கிழமை நான் இரத்தம் எடுக்கப் போனபோது
கட்டிலோரம் தொங்கிய போத்தலைக் காட்டி
சன்னாசி சொன்னார்:
"மங்குல பால ராவெல்லாம் விட்டுப்பாரு,
கெட்டுப்போயிரும் தங்கச்சி.
இத யாரும் வந்து பாக்கலியே?"
சிரித்துவிட்டு ஊசியைக் குத்தினேன்.

ஞாயிறு காலை
மிஸ்ஸி ரொஸ்னா அதை உருவி
நுனியை மட்டும் நறுக்கி அனுப்பினாள்.

தெலுக் இந்தான் ஆய்வுக்கூடம்.
சன்னலுக்கு வெளியே
செம்பனைக் குலை சிந்திப்போகும் லாரி.
இரத்தத் தட்டில்
ரவை இறைத்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள்.

யாருடையவை இவை?
அவர் தோலில் அறுபத்தாறு வருஷம்
வாடகை தராமல் குடியிருந்தவையா,
உருவும்போது ஒட்டிக்கொண்டவையா,
உள்ளே புது உலோகத்தின் மேல்
ஏற்கெனவே பாய் விரித்துப் படுத்தவையா?
தட்டு சொல்லாது.

'வளர்ச்சி உண்டு' என்று தட்டுகிறேன்.
வெளிமாசா, தொற்றா என்ற கட்டத்தில்
விரல் நிற்கிறது.
வார்டுக்கு ஃபோன் போடுகிறேன்.

"சன்னாசியா? கட்டிலில் இல்லையே,
நடக்கவிட்டிருக்கிறோம்" என்கிறாள் ரொஸ்னா.
"பதினோரு அடி.
இன்னொரு தரம் நடக்கட்டுமா என்று கேட்கிறார்."