பார்வையாளர் குறிப்பேடு

இரண்டு தரப்பும் நம்பாத ஆள்
நீங்கள் ஒருத்திதான் என்றார் ஆர்.டி.ஓ.
அதுவே தகுதி.

மூன்று வாரம், கடலூர் முதுநகரில்
வளைவுக்கு இந்தப் பக்கம் பதினோரு வீடு,
அந்தப் பக்கம் பதினான்கு.
எல்லா வீட்டிலும் டீ.
தனவேலு வீட்டில் சர்க்கரை தூக்கல்.
மெகருன்னிசா டம்ளரை நீட்டிவிட்டு
போன வருடத்துக் கல்லை எடுத்துக் காட்டினாள்.
மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

மாசி மகம்.
சாமி கடலுக்குப் போகிறது.
உப்பனாற்றுக் காற்றில் கருவாட்டு வாசம்.
பள்ளிவாசல் முனையில் நாற்பது அடிக்கு
மேளம் கிடையாது என்று
எல்லோரும் கையெழுத்திட்ட தாள்
என் கைக்குள் வியர்வையில் ஊறுகிறது.

காலை 7.42: மேளம் நின்றது.
செருப்புச் சத்தம் மட்டும்.
ஒரு குழந்தையின் பீப்பீ. அதை எழுதவில்லை.
7.49: மேளம் தொடங்கியது.
தூரம் அறுபது அடி.
கூடுதல் இருபது, யாரும் கேட்காமல்
தனவேலு கொடுத்தது.

இடையில் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.
மாடியில் மெகருன்னிசாவின் மகன்
கைப்பிடிச் சுவரை இறுகப் பற்றினான்.
‘தெளிவாகக் கேட்கவில்லை’ என்று எழுதினேன்.

கேட்டது.

அறிக்கையை
நாளை பத்து மணிக்குள் தர வேண்டும்.