முதல் அணி

அதிகாலை நாலேகாலுக்கு ஆட்டத்தின் முடிவு வரும்.
அந்நேரம் பாயான் லெப்பாஸில்
இரவு ஷிஃப்டின் இரண்டாவது ஓய்வு.
முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு
லாக்கர் ஓரமாய்க் கைப்பேசியைத் திறக்கிறேன்.

பேஸ்பால் மட்டையை நான் தொட்டதில்லை.
இந்தத் தீவில் யார்தான் தொட்டார்கள்?
ஆனால் பதினொரு சீசனாக
ஜெலுத்தோங் தவளைகளுக்கு
முதலாளி, மேலாளர்,
பஸ்ஸுக்குக் காசு கொடுக்கிறவள் எல்லாம் நான்தான்.
இருபத்தைந்து பேர்.
ஒருவனுக்கும் முகம் கிடையாது.
பெயர், வயது, எண்கள்.

டெல்வின் ஒக்காசியோவைப் பதினெட்டு வயதில் எடுத்தேன்.
ஓட்டம் ஒன்பது, கைவலு பதினாலு, பொறுமை மூன்று.
பொறுமை மூன்று உள்ளவனை யாரும் தொடமாட்டார்கள்.
எனக்கும் அவ்வளவுதான் இருக்கும் என்று எடுத்தேன்.

நாலு சீசன் பயிற்சிக் காசு கட்டினேன்.
சில திங்கட்கிழமை ஒரு புள்ளி ஏறும்,
சில திங்கட்கிழமை ஏறாது.
ஐந்தாவதில் கடன்.
மைதானத்துக்கு மூவாயிரம் நாற்காலி கூட்டியிருந்தேன், ஆசை.
நாற்பது லட்சத்துக்கு அவனை விற்றேன்.
விற்கிற பொத்தான் பச்சை நிறம்.
‘உறுதியா?’ என்று ஒரே ஒரு தடவை கேட்டது.
பழைய மோட்டாரை விற்கப் போனபோது
கடைக்கார ஹோக் செங்கூட மூன்று தடவை கேட்டார்.

இன்று
ஒக்காசியோ லீக்கின் சிறந்த மட்டையாளன்.
ஐம்பத்தோரு ஹோம் ரன்.
பொறுமை பதினாறு.
பதினாறு!
ஏதோ குளிர்நாட்டில் உட்கார்ந்து
யாரோ ஊட்டியிருக்கிறார்கள்,
என்னிடம் இல்லாததை.

சந்தோஷம் என்றுதான் முதலில் நினைத்தேன்.
சந்தோஷம்தான்.
ரொட்டி சானாய் அடியில் ஒட்டிக்கொண்ட
எண்ணெய்த் தாள் மாதிரி
கீழே இன்னொன்றும் இருந்தது.
பிய்த்தால் இரண்டும் கிழியும்.

மிசுனாமி கதை வேறு.
தோள் போய்விட்டது என்று
முப்பத்து மூன்றில் சும்மாவே விடுவித்தேன்.
முப்பத்தாறில் திரும்பி வந்து
எட்டாவது இன்னிங்ஸில் என் தவளைகள் மூன்று பேரை
வரிசையாய் உட்கார வைத்தான்.
நான் கைதட்டினேன்.
கையுறையோடு தட்டினால் அவ்வளவாய்ச் சத்தம் வராது.
தவமணிக்கு மட்டும் கேட்டுவிட்டது.
“யாருக்கடி?”
“பழைய ஆள்” என்றேன்.
ஞானசீலனை நினைத்தோ என்னவோ
ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.
போனவர்களில் பாதிப் பேர் ஒன்றுமே ஆகவில்லை.
எந்த அணியும் எடுக்காமல்
ஒரு வாரத்தில் பெயர் சாம்பல் நிறமாகும்,
அப்புறம் அதுவும் இருக்காது.
அவர்கள் பக்கத்தை நான் திறப்பதில்லை.
ஒக்காசியோவும் அப்படிப் போயிருந்தால்
‘சரியான நேரத்தில் விற்றேன் பார்’ என்று
நன்றாகத் தூங்கியிருப்பேன்.
அதுவும் நான்தான்.

அவன் பக்கத்தில் கோப்பைகள், பதக்கங்கள்,
விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கின்றன.
எல்லாம் தீர்ந்த பிறகு
அடியில், எறும்பு எழுத்தில்:
முதல் அணி – ஜெலுத்தோங் தவளைகள்.

புது முதலாளிக்கு
என் உடைந்த ஆங்கிலத்தில் வாழ்த்து எழுதினேன்.
அழித்தேன்.
அவன் என்னுடையவன் என்று எழுதினேன்.
அதை இன்னும் வேகமாய் அழித்தேன்.
கடைசியில் போனது இவ்வளவுதான்:
‘தொடர்ந்து ஆறு ஆட்டம் ஆடவிட்டால்
ஏழாவதில் இடக்கைப் பந்தைத் தவறவிடுவான்.
எண்ணில் தெரியாது.’

பதில் இல்லை.
மணி அடித்தது.
முகமூடியை ஏற்றிக்கொண்டு
சில்லுகளைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே தள்ளினேன்,
ஒன்று நல்லது, ஒன்று நல்லது, ஒன்று கழிவு.

வியாழக்கிழமை நாலேகால்.
அவர்களுக்கு ஏழாவது ஆட்டம்.
எதிரே இடக்கைக்காரன்.
ஒக்காசியோ பெயர் வரிசையில் இல்லை,
பெஞ்சில் இருந்தது.

கோப்பி ஆறும்வரை அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
தவளைகள் ஒன்பதுக்கு இரண்டு என்று தோற்றிருந்ததை
பிறகுதான் கவனித்தேன்.