முதல் போகம்

பரம்பரை வருத்தம் ஏதும்?
மாங்குளம் கிளினிக்கில்
மருத்துவமாது பேனையைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

எனக்கு ஒன்பது வயதில் என்று தொடங்கி
இரத்தப் புற்று என்று முடிக்க முன்னம்
பக்கத்து வாங்கில் இருந்தவள்
தன் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

மகரகமவில் ஏற்றினது சிவப்பு மருந்து.
மூத்திரமும் சிவப்பாய்ப் போகும்.
பீற்றூட் கூடத் தின்றிட்டம் என்று
ஏழாம் கட்டில் சர்மிகாவும் நானும் சிரிப்போம்.
பிறகு ஏழாம் கட்டிலில் வேறொரு பிள்ளை.

பெரிய டொக்டர் படம் கீறிக் காட்டினார்.
அந்த மருந்தின் கெடுதி பிள்ளைக்கு இறங்காது,
கன பேரில் பார்த்திருக்கினம்,
மற்றத் தாய்மாருக்கு உள்ள அளவு பயம்தான் உமக்கும்.
"உம்முடைய இதயத்தைத்தான் பார்க்கவேணும்"
ஸ்கானுக்கு எழுதித் தந்தார்.

நிரோஜன் அந்தத் துண்டை
இரண்டு தரம் வாசித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணிவெடி அகற்றுகிறவன் அவன்.
சிவப்புத் தடி பிடுங்கி
வெள்ளைத் தடி நட்டு
கையெழுத்தும் வைத்துக் கொடுத்த வயலில்
முதல் போகம் விதைக்க வந்த சனம்
எப்படிக் கால் வைத்தது என்று
வரம்பில் நின்று பார்த்தவன்.

இரவு
அவன் கை வயிற்றில் கிடந்த நேரம்
உள்ளேயிருந்து ஒரு குதிக்கால்
ஒரு யோசனையும் இல்லாமல்
ஊன்றி உதைத்தது.